அமைச்சரவைச் செயலகத்து மச்சான்

என் அக்கா சங்கிலியம்மாள் எண்பதாம் கல்யாணத்துக்கு மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எண்பது அவளுக்கு இல்லை, அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் மச்சானுக்கு. மகள் உமாதேவி தேனியில் பாங்கில் அதிகாரி. மண்டபம் பிடித்து, சமையலுக்கு ஆள் சொல்லி, பத்திரிகையும் அடித்த பிறகுதான் பெற்றவளிடம் கேட்டிருக்கிறாள். படித்த பிள்ளைகளின் லட்சணம் அப்படி. "ஒருக்கா கட்டுனது போதும்" என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாளாம்.

உமா என் தோட்டத்துக்கே வந்து அழுதாள். நான் அவளுக்குத் தாய்மாமன், சீனிச்சாமி. சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறேன். எனக்கு மூக்குமேல் கோபம் என்று ஊரில் பெயர், அது உண்மைதான். நான் சொன்னால் அம்மா கேட்பாள் என்று உமா நம்பினாள். கேட்கிற ஆளா அவள்? ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன். அக்கா ஏன் மாட்டேன் என்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மச்சான் தன்னை விரும்பிக் கட்டவில்லை, ஒரு வேலைக்காகக் கட்டினார் என்று அவள் கல்யாணத்துக்கு முன்பே முடிவு கட்டிவிட்டாள். அந்த முள் இன்னும் அவளுக்குள் கிடக்கிறது.

அந்த வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் வெளிநாட்டு உளவுத்துறை. 'ரா' என்று பேப்பரில் போடுகிறார்களே, அது. ஆனால் மச்சான் வாயிலிருந்து அந்த எழுத்து ஒருநாளும் வந்ததில்லை. எங்கே வேலை என்று கேட்டால் "மத்திய அமைச்சரவைச் செயலகம்" என்பார். சம்பளச் சீட்டிலும் அப்படித்தான் இருக்குமாம், அதனால் பொய் இல்லை. எங்கள் ஊர் சனம் அதை எப்படிப் புரிந்துகொண்டது தெரியுமா? டெல்லியில் மந்திரிமார்கள் உட்காரும் அறையில் இவரும் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று.

லீவில் வந்தால் போதும், மனுவோடு வந்து நிற்பார்கள். தெருவுக்குக் குழாய் வேண்டும், கம்பம் பஸ்ஸை எங்கள் ஊர் முக்கில் நிறுத்த வேண்டும், பையனுக்கு ரயில்வேயில் வேலை வேண்டும். மச்சான் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒன்றும் நடக்காது. அடுத்த லீவில் வந்தால் அதே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். மந்திரி பக்கத்தில் இருந்துகொண்டு ஊருக்கு ஒரு குழாய் வாங்கித் தர வக்கில்லையே என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குச் சுருக்கென்று வரும். மச்சான் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார், ஆனால் பேப்பரிலும் புத்தகத்திலும் வந்ததை மட்டும் சொல்வார். அதையும் என் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில், சாயங்காலம், ஒரு கொத்துத் திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டபடி சொல்வார். சீனாக்காரன் அறுபத்திரண்டில் அடித்ததும், அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்ததும்தான் காரணமாம். உள்நாட்டையும் வெளிநாட்டையும் ஒரே ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் உருப்படாது என்று சர்க்காருக்குப் புரிந்து, அறுபத்தெட்டில் வெளிநாட்டு வேலையைத் தனியாகப் பிரித்தார்கள். பழைய ஆபீஸிலிருந்து கொஞ்சம் பேரை எடுத்து ஆரம்பித்தார்கள். மச்சான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் புதுக்குடித்தனம் மாதிரி இருந்ததாம். நாற்காலி பத்தாது, டைப்படிக்க மிஷின் பத்தாது, குளிருக்கு ஒரு ஹீட்டரை மூன்று அறைக்கு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், புது மாப்பிள்ளை கெட்டான்.

முதல் தலைவரைப் பற்றிக் கேட்டால் குரலே தணிந்துவிடும். காஷ்மீரத்துப் பண்டிதர் குடும்பம், போலீஸிலிருந்து வந்தவர், அதிர்ந்து பேசமாட்டார், போட்டோவுக்கு நிற்கவே மாட்டார் என்பார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தூரத்தில், வராந்தாவில் போகும்போது முதுகைப் பார்த்திருக்கிறேன் என்றார். முதுகைப் பார்த்ததற்கே இவ்வளவு பெருமையா என்று நான் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த மனுஷன் தலைவராக இருந்த காலத்தில் கடைசி மேஜைக்காரனுக்கும் தான் செய்கிற வேலை பெரிய வேலை என்ற நினைப்பு இருந்தது என்பார். எழுபத்தேழில் ஆட்சி மாறியதும் அந்த ஆபீஸ்மேல் புது சர்க்காருக்குச் சந்தேகம். தலைவர் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஒரு மலையாளி. தலைவர் பதவியின் அந்தஸ்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அவரும் சில மாதத்திலேயே விலகிவிட்டார். நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று மறக்காமல் சேர்த்துக்கொள்வார்.

அவருடைய சொந்த வேலை என்ன என்று கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். காதில் மாட்டிக்கொண்டு கேட்பது, கேட்டதை எழுதுவது. எந்த ஊர்ப் பேச்சு, எந்த பாஷை என்றால் திராட்சை இந்த வருஷம் இனிப்பு கம்மி என்பார்.

இனி அக்கா கதைக்கு வருகிறேன்.

மச்சானுடைய அம்மா ராமுத்தாய், எங்கள் அய்யாவுடைய, அதாவது எங்களைப் பெற்ற அழகருடைய, கூடப்பிறந்த தங்கச்சி. அண்ணன் வீடு கீழத்தெரு, தங்கச்சி வீடு மேலத்தெரு. நடுவில் பேச்சு கிடையாது. காரணம் ஒரு சேலை. மச்சானுடைய தங்கை பெரிய மனுஷியானபோது அய்யா தாய்மாமன் சீர் கொண்டு போனார். தட்டில் இருந்த சேலையை விரித்துப் பார்த்த ராமுத்தாய் அத்தை, ஒரு தண்ணிக்குத் தாங்குமா என்று சபையில் கேட்டுவிட்டது. அய்யா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்தான். சாவு வீட்டில் பார்த்தால்கூட ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். ஆனால் அய்யா ஒன்றை மட்டும் விடவில்லை. தங்கச்சி மகன்மேல் தனக்கு முறை இருக்கிறது, அவன் தன் மகளுக்குத்தான் என்பதில் இரும்பாக இருந்தார். அத்தையோ சின்னமனூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, உறுதி செய்ய நாள் தேடிக்கொண்டிருந்தது.

மச்சான் மதுரையில் பி.எஸ்ஸி. முடித்து, ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தார். அப்போதுதான் ஒரு கார்த்திகை மாதம், வெள்ளை வேட்டியும் தோல்பையுமாக ஓர் ஆள் பஸ்ஸை விட்டு இறங்கினார். டீக்கடையில் உட்கார்ந்தார், மாவு மில்லில் நின்றார், முடிவெட்டுகிற சுருளிவேல் கடையில் முகச் சவரம் செய்துகொண்டார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. தங்கப்பாண்டியன் எப்படிப்பட்ட பையன், குடி உண்டா, சேர்க்கை யார், எந்தக் கட்சி, உடம்புக்கு ஏதும் உண்டா, சொந்தக்காரர் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா.

எங்கள் பக்கத்தில் இப்படி ஓர் ஆள் வந்து விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைத் துப்பு விசாரிக்க அனுப்பியிருக்கிறார்கள். வருகிறவர் தான் யாரென்று சொல்லமாட்டார், நாமும் கேட்கக் கூடாது. ஊரே முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு பையனைப் புகழ்ந்து தள்ளியது. மில்லுக்காரர் மச்சானுக்கு இல்லாத தோப்பை எல்லாம் எழுதி வைத்துவிட்டார்.

அய்யா காதுக்கு விஷயம் போனது. சின்னமனூர்க்காரன் ஆள் அனுப்பிவிட்டான் என்று நினைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே அந்த ஆளிடம் போனார். பையனுக்கு வலிப்பு வரும் என்றார். ராத்திரியானால் சாராயம், பகலில் செங்கொடிக் கூட்டம் என்றார். பர்மாவில் ஒரு சித்தப்பன் இருக்கிறான், அங்கே அவன் என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது என்றார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சம்பந்தத்தை முறித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார். வலிப்பும் இல்லை, சாராயமும் இல்லை, சித்தப்பனே இல்லை.

வந்தவர் சர்க்கார் ஆள் என்பது தை மாதத்தில்தான் தெரிந்தது. சுருளிவேல் கடையில் கிளம்பிய பேச்சு, பொழுது சாய்வதற்குள் மேலத்தெருவுக்குப் போய்விட்டது. பையனுக்கு டெல்லியில் பெரிய வேலை வர இருந்ததாம், மாமன்காரன் சொன்ன சொல்லால் நின்றுபோய்க் கிடக்கிறதாம். ராமுத்தாய் அத்தை தலைவிரி கோலமாக எங்கள் வாசலுக்கு வந்து, மண்ணை வாரி வாரித் தூற்றியது. என் பிள்ளை வாழ்வைக் கெடுத்தவன் வீடு விளங்குமா என்று கேட்டது. அய்யா வெளியே வரவில்லை. உள்ளே உத்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் அப்படி ஒடுங்கி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மதுரைக்குப் போய் அந்த அதிகாரியிடம், நான் சொன்னது அத்தனையும் பொய் என்று அழகர் சொல்ல வேண்டும். அய்யா ஒத்துக்கொண்டார். ஆனால் மனுஷனுக்கு வீம்பு போகவில்லை. பரிசம் போட்டு, தாலி கட்டட்டும், மறுநாளே மதுரைக்கு வருகிறேன் என்றார். மச்சான் அங்கேதான் நின்றார், தலையைக் குனிந்துகொண்டு.  அத்தை அழுதுகொண்டே சரி என்றது. சின்னமனூர்க்காரர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் பேசியபோது என் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. "என்னைய வேலைக்கு ஈடா வச்சுட்டாக, சீனி" என்றாள். அதுதான் அந்த முள்.

வைகாசியில் சுருளி வேலப்பர் கோயிலில் கல்யாணம். அய்யா சொன்னபடி மதுரைக்குப் போனார், நானும் துணைக்குப் போனேன். அந்த அதிகாரி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சரி பெரியவரே என்று அனுப்பி வைத்தார். ஆனியில் மச்சானுக்கு ஆர்டர் வந்தது. ஆடி முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு ரயிலேறினார்.

டெல்லியில் அவள் பட்டபாட்டை அவளே சொன்னால் ராமாயணம். இந்தி தெரியாது, குளிர் தாங்காது, பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் உன் வீட்டுக்காரர் எந்த செக்ஷன் என்று கேட்பார்கள், இவளுக்கு அதுவும் தெரியாது. அவர் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று கேட்கக் கூடாது, எப்போது வருவீர்கள் என்றும் கேட்கக் கூடாது. எழுபத்தொன்றில் வங்காளதேசச் சண்டை நடந்தபோது உமா பிறந்தாள். பிரசவத்துக்கு இங்கே வந்திருந்த அக்கா, புருஷன் எப்போது வருவார் என்று யார் கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, நிற்க ஆரம்பித்த பிறகுதான் மச்சான் வந்தார். வந்தவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். அக்கா பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

எழுபத்தேழில் நான் டெல்லிக்குப் போய்க் கொஞ்சநாள் தங்கினேன். ஆபீஸில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம். மச்சானுடைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒன்றுமே பேசாமல் டீ குடித்துவிட்டுப் போவார்கள். இப்படியும் ஒரு கூட்டமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அக்கா அவர்களுக்கு நம் ஊர்ப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். எல்லோரும் போனபிறகு பாத்திரத்தை அலம்பிக்கொண்டே, "வேலை போனா நானும் போக வேண்டியதுதான சீனி, அதுக்குத்தான வந்தேன்" என்றாள், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் வேலை போகவில்லை.

ஆனாலும் அந்த நாட்களை நான் இன்றும் மறக்கவில்லை. உமா தூங்கியபிறகு குவார்ட்டர்ஸ் மாடியில் நாங்கள் மூன்று பேரும் பாய் விரித்துப் படுத்து, தேனியில் இப்போது மழை பெய்யுமா, முல்லையாற்றில் தண்ணீர் வந்திருக்குமா என்று பேசிக்கொண்டிருப்போம். மச்சான் நம் ஊரைப் பற்றி என்றால் விடியவிடியப் பேசுவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்கிவிட்டாள் என்று அவர் நிறுத்தினால், ம் சொல்லுங்க என்பாள். பிறத்தியார் பார்த்தால் இவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் அவள் ஏதோ சாக்கு சொல்லித் தட்டிவிட்டாள். அப்போது உடம்பு சரியில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். இந்தமுறை சாக்கு சொல்லவும் அவளுக்கு அலுத்துவிட்டது போல.

உமா அழுத மறுநாள் மத்தியானம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மச்சான் கூடத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்த வீட்டிலும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். கம்பம் போய்வந்த பஸ் டிக்கெட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தார், அதுவும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். உமா மண்டபம் பிடித்துவிட்டாள், நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டாள், இப்போது மாட்டேன் என்றால் நான் எந்த மூஞ்சியோடு சீர் கொண்டு வருவது என்று கேட்டேன்.

அக்கா டம்ளரை எடுக்கப் போனவள் நின்றாள். இத்தனை காலமும் ஜாடையாகவும் சிரிப்பாகவும் சொன்னதை அன்றைக்குத்தான் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"எங்கய்யா பேரம் பேசுனாரு. இவுகளுக்கு வேலை வேணும், தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிக்கிட்டாக. இப்ப என்ன வேணும்னு ரெண்டாவது தடவ கட்டுறாக? பென்சன்கூட வருதே."

மச்சான் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்ததே கோபம். எண்பது வயது மனுஷன், அக்கா வீட்டுக்காரர் என்றெல்லாம் பார்க்கவில்லை. நாட்டு ரகசியமா இது, ஆமாம் இல்லை என்று ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன, இவள் பாவம் உங்களை என்ன செய்தாள் என்று கத்திவிட்டேன். 

மச்சான் டிக்கெட் துணுக்குகளை ஒரு கையில் கூட்டி, டீப்பாயின்மேல் வைத்தார்.

"சங்கிலி, இங்கன உக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேலை எனக்கு தை மாசமே உறுதியாயிருச்சு. நம்ம கல்யாணம் வைகாசில."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.  அவர் மெதுவாக, பேப்பரைப் பார்த்துப் படிப்பதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த வேட்டிக்கார அதிகாரி தை மாதம் அவரைக் கம்பத்துக்கு வரச்சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கிளப்பில் வைத்துப் பேசினாராம். அவரும் ராமநாதபுரம் பக்கத்து மனுஷன்தான். உன் மாமா வந்து நின்ற தோரணையிலேயே இது பெண்ணைக் கொடுக்க நினைக்கிற மாமன் வேலை என்று தெரிந்துகொண்டேன், சொன்னதில் ஒன்றையும் எழுதவில்லை, நானும் மாமன் மகளைக் கட்டியவன்தான் என்று சொல்லிச் சிரித்தாராம். உனக்கு வேலை உறுதி, ஆனியில் ஆர்டர் வரும், அதுவரை பெற்றவளிடம்கூட மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினாராம்.

"அப்ப, வேலை நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் பேசுனது?" என்று நான் கேட்டேன்.

"நான்தான் சுருளிவேல் கடையில போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுச் சொன்னேன். அங்கன சொன்னா அன்னிக்கே ஆத்தா காதுக்குப் போயிரும்னு தெரியும். உண்மையச் சொல்லக் கூடாதுன்னுதான் சர்க்கார்ல சொன்னாக. பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லலையே."

ஆத்தாடி! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சின்னமனூர்ப் பெண்ணை உறுதி செய்ய அத்தை நாள் குறிக்கப் போன நேரம் அது. பகையாளி மகளைக் கட்டுகிறேன் என்று இவர் வாயைத் திறந்திருந்தால் அத்தை உலக்கையைத் தூக்கியிருக்கும். மகன் வேலை போய்விடும் என்ற பயம் ஒன்றுக்குத்தான் அது மசியும். அய்யாவும் சும்மா மதுரைக்கு வரமாட்டார், மகளைக் கட்டு என்றுதான் கேட்பார். இரண்டு பேரையும் எடைபோட்டு, இரண்டு பேரும் தாங்களே செய்ததாக நினைக்கும்படி காரியத்தை முடித்திருக்கிறார். இன்னும் ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்காத ஆள்! எங்கள் அய்யா சாகும்வரை, என் மகளை விலைபேசிவிட்டேனே என்று என்னிடம் புலம்பியது நினைவுக்கு வந்தது.

அக்கா அப்போதும் அவரை நம்பாமல்தான் பார்த்தாள். "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். சின்னமனூர்ப் பெண் நன்றாகத்தான் இருப்பாளாம், படித்தவளாம், அவளை விட்டுவிட்டு எதற்கு என்பதுதான் அந்தக் கேள்வி.

மச்சான் நிமிர்ந்தார்.

"வீரபாண்டித் திருவிழாவுல எங்காத்தா ராட்டினத்துல ஏறி, தலை சுத்தி, எறங்குன எடத்துலயே வாந்தி எடுத்தாக. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கெடையாது. மாமா திரும்பி நின்னுக்கிட்டாக. நீ ஒருத்திதான் ஓடியாந்து நெத்தியப் புடிச்ச. வாயக் கொப்புளிக்கத் தண்ணி கொடுத்த. ஒரு வார்த்த பேசல. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டுப் போயிட்ட. அன்னிக்கே எனக்கு முடிவாயிருச்சு."

அக்காவின் கை தூணில் இருந்து இறங்கியது. அவளுக்கு அந்தத் திருவிழா நினைவு வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"அத்தை போயிச் சேந்துட்டாக. எங்கய்யாவும் போயிட்டாரு. அதுக்கப்புறமும் எங்கிட்ட ஏன் சொல்லல? இதையும் சொல்லக் கூடாதுன்னு சர்க்கார்ல சொன்னாகளா?"

"இல்ல." என்றார் மச்சான். "மொதல்ல ஆத்தாவுக்குப் பயந்து சொல்லல. அப்புறம் ஆபீசுல எதையும் சொல்லாம இருந்து இருந்து, எது சொல்லக் கூடாதது, எது சொல்ல வேண்டியதுன்னு தெரியாமயே போச்சு சங்கிலி. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"எப்புடித் தெரியும்? நானா உளவு பாத்தேன்?"

அதைச் சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப நான் இத்தன வருசமா யாரு மேல கோவமா இருந்தேன்?"

 அவள் அழ ஆரம்பித்தாள். கல்யாணத்தில் அழாதவள், அய்யா செத்தபோதுகூட வாயைக் கடித்துக்கொண்டு நின்றவள், சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினாள். மச்சான் நாற்காலியைப் பிடித்து மெதுவாக இறங்கி, முட்டி வலியோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எனக்கு அங்கே வேலை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அக்காவே போன் செய்தாள். மணையில் உட்காருகிறாளாம், ஆனால் ஒன்று. இந்தமுறை தாலி கட்டுவதற்கு முன்னால் அவர் வாயால், சபை கேட்க, என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்க வேண்டும். அந்த மனுஷன் சபையில் பேசுவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். உமாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அம்மாவுக்கு வயதான காலத்தில் கொஞ்சம் ஆசை என்று நினைத்துச் சிரித்தாள்.

கல்யாணத்தன்று மச்சான் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மேளம் நின்றது.  "சங்கிலி, என்னயக் கட்டிக்கிறியா" என்று கேட்டார். சத்தம் முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் இருந்து, கேக்கல கேக்கல என்று பயல்கள் கத்தினார்கள். இன்னொரு தடவை, மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தாள். ஐயர் நேரமாகிறது என்று என்னைப் பார்த்தார். உமாவின் முகம் வெளுத்துப்போனது. மச்சான் அசையாமல் நின்றார், கண் அவள் உச்சந்தலையிலேயே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடப்பது எப்படி இருக்கும் என்று அவரும் கொஞ்சம் பார்க்கட்டும்.

வெகுநேரம் போல இருந்தது. பிறகு அவள் மாலையை ஒதுக்கிக் கழுத்தை நீட்டி, "சரி, கட்டுங்க" என்றாள்.